நான் கட்டிய தூளி

போன வருடம் கல்லூரிகள் திறந்த புதிதில் நடந்தது இது. மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக்குத் தங்கச்சி பேறுகாலத்துக்கு வந்து, ஆண் பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மற்றபடி அம்மாவும் நானும்தான். தாய்மாமன் ஆகிவிட்ட பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைக்கு எது செய்தாலும் நான்தான் செய்வேன் என்று குறுக்கே விழுந்து, இருவரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூளி கட்டும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பீரோவைத் திறந்து அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை உருவினேன். நூல் சேலை, மெத்தென்று இருந்தது. மடிப்புக்குள்ளிருந்து அந்துருண்டைகள் உருண்டு விழுந்தன. துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்க எல்லார் வீட்டிலும் போடுகிற அதே வெள்ளை உருண்டைதான்.

"ஒருக்கா அலசிக் காயப்போட்டுட்டுக் கட்டுப்பா," என்றார் அம்மா.

"பீரோக்குள்ள இருந்ததும்மா. இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும்?" என்று சொல்லி, கொக்கியில் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டினேன். தூளியில் போட்டதும் அவன் சமர்த்தாகத் தூங்கினான். அதற்கப்புறம் பால் குடிக்கும் நேரம் போக அதற்குள்ளேயேதான் கிடந்தான்.

புதன்கிழமை காலையில் பால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினான். அழக்கூடத் தெம்பில்லை. உதடு வெளுத்துக் கண் மஞ்சளாக இருந்தது. ஈரத் துணியை மாற்றப் போன தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வந்து பாரேன். ஒண்ணுக்குப் போனது இந்தக் கலர்ல இருக்கு."

துணியில் கடுங்காப்பியைக் கொட்டியது மாதிரி கறை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டது. சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்துகொண்டிருக்கின்றன, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கப்பலூரில் வேலை பார்க்கும் தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனி உடுப்போடு ஓடி வந்து, "பிழைச்சுக்குவான்ல மச்சான்?" என்று என் கையைப் பிடித்தார்.

பிள்ளைக்கு ஏதாவது மருந்து கொடுத்தோமா, நாட்டு மருந்து உரசி ஊற்றினோமா என்றெல்லாம் டாக்டரம்மா விசாரித்தார். ஒன்றுமில்லை என்றோம். பிறகு, "துணிமணிக்கு அந்துருண்டை போடுவீங்களா? இவன் படுக்குற துணியில அந்த நெடி இருந்துச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏனென்றால் நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிற வாத்தியார். பென்டோஸ் பாஸ்பேட் பாதையை வருடா வருடம் போர்டில் வரைகிறவன். செல்லுக்குள் சர்க்கரை எரிகிற பெரிய பாதைக்குப் பக்கத்தில் ஓடும் கிளைப்பாதை அது. தன்னை அரிக்க வரும் நச்சுகளைச் சமாளிக்கிற பலம் சிவப்பணுவுக்கு அந்தக் கிளைப்பாதையில்தான் கிடைக்கிறது. அதன் முதல் நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்குச் சில மாத்திரைகளோ அந்துருண்டையோ பட்டால் சிவப்பணு உடைந்துபோகும். பரீட்சைக்கு அவசியம் வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அந்த நெடியைத்தான் நாலு பக்கமும் சுற்றிக் கட்டி, அதற்குள் ஒரு பச்சைப்பிள்ளையைப் போட்டு, தாலாட்டு வேறு பாடியிருக்கிறேன். "நான்தான் அந்தத் துணியில தூளி கட்டினேன், டாக்டர்," என்று மட்டும் சொன்னேன்.

ரத்தம் ஏற்றிய பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. அவன் மறுபடி பால் குடித்த அன்று தங்கச்சி அழுதாள். நானும் வராந்தாவில் வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, இந்த நொதிக் குறை அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது, ஏற்றிய ரத்தம் கலந்திருப்பதால் இப்போது சரியாகத் தெரியாது, சில மாதம் கழித்துப் பிள்ளைக்குச் சோதிக்கும்போது தாய்மாமன் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஒரு குறையும் இருக்காது என்று நினைத்துத்தான் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்தது. பிள்ளைக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

அம்மாவுக்கு அப்போதுதான் பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. "சின்னப்புள்ளையில காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை குடுத்து உனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சேடா. அம்புட்டும் இதுதானா?" என்றார். எனக்கு அது நினைவில்கூட இல்லை. 'இப்படிப் பிறந்தவர்கள்' என்று வகுப்பில் சொன்னபோதெல்லாம் யாரோ எங்கேயோ இருக்கிற ஆட்களைத்தான் நினைத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பாடம் வந்தால், உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறேன். பரீட்சையில் அந்துருண்டைக் கேள்விக்கு எத்தனையோ பேருக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதே கேள்வி என் வீட்டுக்குள் வந்தபோது, என் மருமகனின் உயிர் ஊசலாடிய பிறகுதான் எனக்குப் பதில் தெரிந்தது என்கிற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டபாடில்லை.