உச்சந்தலையில் ஓர் உண்ணி

சென்ற மார்ச் மாதம், கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. தனியாக வாழும் எங்கள் மகளுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் வளர்க்கும் ஓணானைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் ஒப்புக்கொண்டோம். தாடி ஓணான் என்று ஒரு வகை. ஒரு முழ நீளம், கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகச் செதில். ஒன்பது வருடமாக அவளோடு இருக்கிறது. அவள் வீட்டில் வேறு துணை கிடையாது.

"வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ளை விட்ட கதைதான்" என்றாள் மனைவி, கண்ணாடிப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றே. நான் பெட்டியில் இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் எழுதித் தந்த அளவிலிருந்து ஒரு பாகை குறைந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றும்போது என் புறங்கையில் மிளகுத்தூள் போலச் சில புள்ளிகள். ஊதினேன், போகவில்லை. நடந்தன. மொத்தம் பதினொன்று. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டு ஓணானைப் பார்த்தேன். கண்ணோரம், காதுத் துளை, கை இடுக்கு, எங்கும் அதே புள்ளிகள். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"அப்பா, அவனுக்கு உண்ணி பிடிச்சிட்டுது. உடனை டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ. விட்டால் இரத்தத்தை உறிஞ்சியே சாகடிச்சுப் போடும்" என்றாள்.

பிராணிகளுக்கான மருத்துவர் ஒரு சிறு போத்தல் மருந்து தந்தார். பெட்டியில் உள்ள மரப்பட்டையை எல்லாம் எறிந்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரிக்க வேண்டும். நாளும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, மருந்தைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். கையால் எதையும் பிடுங்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். முட்டைகள் பொரித்து மறுபடி வரும், பொறுமை வேண்டும் என்றும் சொன்னார்.

காகிதத்தில் விழுந்தவற்றை நாள்தோறும் எண்ணினேன். மருந்து தொடங்கிய முதல் நாள் அறுபத்து மூன்று. அடுத்த நாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்தாறு. கூடியிருக்கிறதே என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓணானும் சாப்பிடவில்லை. மகளிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். "எண்ணாதேங்கோ அப்பா, துடையுங்கோ" என்றாள்.

நாலாம் நாள் பிற்பகல், குளிப்பாட்டித் துவாயில் வைத்திருந்தபோதுதான் அதைக் கண்டேன். உச்சந்தலையின் நடுவில், சாம்பல் நிறத்தில், பளபளவென்று ஒரு சிறு உருண்டை. அசையவில்லை. ஊரில் நாய்க்கு உண்ணி பிடித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும். இரத்தம் குடித்துப் பருத்து, சாம்பல் நிறமாகத் தோலோடு ஒட்டிக் கிடக்கும். பிடுங்கி மண்ணெண்ணெய்க்குள் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். மகளும் உண்ணி என்றுதானே சொன்னாள்? இதுதான் தாய், மற்றவை இதன் குஞ்சுகள், தாயை விட்டுவிட்டுக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது. அவர் இதைக் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு மனைவி ஓணானைப் பிடித்தாள். வெறுங்கையால் அவள் அதைத் தொட்டதே இல்லை. முள் எடுக்கும் சாவணத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். தலைக்கு மேலே சாவணம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது உடம்பைத் தட்டையாக்கிப் பதுங்கியது. கழுத்தடித் தாடி கறுத்தது. நாலு தடவை இப்படி நடந்தது. திமிர் என்று நினைத்து அதட்டினேன்.

"அசையாமல் பிடியும்."

"நான் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். உண்ணி எண்டால் கால் இருக்குமே. இதுக்குக் கால் எங்கை?"

"குடிச்சுப் பருத்தால் கால் தெரியாது."

"ஒரு கால்கூடவோ தெரியாது? எல்லாத்தையும் எண்ணிற மனிசன், இதை மட்டும் எண்ணாமல் பிடுங்கப் போறார்."

சுருக்கென்றது. சாவணத்தை வைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். கால் இல்லை. சரி, ஒரு சொல் கேட்போம் என்று மகளை வீடியோவில் அழைத்து, போனை ஓணானின் தலைக்கு நேரே பிடித்து, அந்த உருண்டையை விரலால் காட்டினேன்.

அவள் சத்தம் போடவில்லை. "அப்பா, கையை எடுங்கோ" என்றாள் மெதுவாக. "அது உண்ணியில்லை. அவன்ரை மூண்டாவது கண்."

சாவணத்தைத் தூர நகர்த்தி வைத்தேன்.

அந்தக் கண்ணுக்கு உருவம் தெரியாதாம். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். "மேலாலை பருந்து வந்தால் அதின்ரை நிழலை இதுதான் பிடிக்கும்" என்றாள் மகள்.

"நெத்திக்கண்ணையே பிடுங்கப் பாத்த மனிசன்" என்றாள் மனைவி, அழைப்பு முடிந்ததும். "எரிக்காமல் விட்டுதே." சொல்லிக்கொண்டே கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் அதை ஏந்திக்கொண்டாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அதை இருத்தி, பக்கவாட்டில் கையைக் கொண்டுபோனேன். பத்துத் தடவை கொண்டுபோயும் அசையவில்லை. பிறகு பின்னால் போய் நின்று, உச்சியில் வெறும் நிழல் மட்டும் விழும்படி கையை நீட்டினேன். உடனே பதுங்கியது. மறுபடியும் பதுங்கியது. ஏழாவது தடவையோடு நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது. கடுகளவு கண். இமை கிடையாது, ஆகவே மூடுவதும் இல்லை. நான் சாவணத்தோடு இறங்கிய நாலு தடவையும் அது என்னைக் கண்டிருக்கிறது.

உண்ணிகள் முழுதும் போக ஐந்து வாரம் சென்றது. மகளால் குனிய முடியாததால், அவள் வீடு திரும்பிய பிறகும் நாங்கள் போய்த் துடைத்துக் கொடுத்தோம். தொடர்ந்து பதினான்கு நாள் காகிதம் வெள்ளையாகவே கிடந்த அன்று, அவள் ஓணானை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நாலு தடவை சாவணம் இறங்கிய கதையை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இந்த எழுபத்தாறு வயதுக்குள் எத்தனையோ விஷயங்களை நோய் என்றும் பிழை என்றும் உறுதியாக நம்பிப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவற்றில் எவையெல்லாம் கண்களாக இருந்தன என்பது இனி எனக்குத் தெரியவரப் போவதில்லை.