காற்றை இறக்கினேன், பிடிப்பு ஏறியது

மராத்தி பேசும் ஊரான போசரியில் வேலை பார்த்தபோது, மழைச் சேற்றில் வழுக்காதிருக்க, பெரிய ரப்பர்க் குமிழ்கள் தள்ளித் தள்ளி அமைந்த டயர்களாகத் தேடி என் மலைச் சைக்கிளுக்கு மாட்டினேன். மைத்துனன் குமாரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒரு மழைநாளில் இருவரும் சைக்கிளில் ஏறிய குன்றின் உச்சியில் சேற்றுச் சரிவைப் பார்த்ததும் இறங்க மனம் வரவில்லை. பஞ்சர் என்று சொல்லித் தப்பிக்க, குமார் அசந்த நேரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். பதற்றத்தில் இரண்டு சக்கரத்திலும்!

குமார் அமுக்கிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணா பஞ்சராகுமா மச்சான்? காத்துதான் கம்மி. பயமா இருந்தா சொல்லுங்க, அக்காகிட்ட சொல்ல மாட்டேன்."

ரோஷம் வந்தது. "கண்பதி பப்பா!" என்று அவ்வூர்க்காரர் போலப் பிள்ளையாரைக் கூப்பிட்டு அலறிக்கொண்டே இறங்கினேன். தளர்ந்த டயர்கள் சேற்றைக் கவ்விப் பிடித்தன. நான் விழாமல் அடிவாரத்தில் போய் நின்றேன். தன் டயர்களில் கல்லாய்க் காற்றடித்திருந்த குமார், பின்னால் வந்தவன், பாதிச் சரிவில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படி மச்சான்?"

"எல்லாம் அனுபவம்டா!"

இப்போதெல்லாம் மழையில் கிளம்புமுன் காற்றைக் கொஞ்சம் குறைக்கிறேன், எல்லார் கண்ணெதிரிலும், நிபுணர் முகத்தோடு.