ஓசிப் பல்லும் ஜாமீன் கையெழுத்தும்

பல் செட் செய்யும் லேப்பில் அவளுக்குப் பெயர் பல்லு அக்கா. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்து, நிறம் பார்த்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவளுடைய பதினெட்டு வருட வேலை. ஊரையெல்லாம் சிரிக்க வைப்பவள் வீட்டில் ஏழு வருடமாக யாரையும் சிரிக்க விடவில்லை என்று கணவர் குறைபட்டுக்கொள்வார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் மனுஷனுக்கு என்ன தெரியும்! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்த்தது அவள்தானே.

சும்மாவும் சேர்க்கவில்லை. வாடகை, கரண்ட், பள்ளிக் கட்டணம், எல்லா ரசீதும் மாதவாரியாக ஃபைலில் இருந்தன. வீடு தேடுவதற்கு ஒரு வருடம் முன்பே, வரப்போகும் தவணை அளவுக்குச் சம்பளத்தில் எடுத்து ஒதுக்கி வைத்து, மீதியில் குடும்பம் நடத்திப் பழகினாள். மகள் எது கேட்டாலும் "புது வீட்டுல கேளு" என்பதுதான் பதில். ஒரே இடத்தில்தான் ஏமாந்தாள். "உங்க பேர்ல கடன் ஏதாவது இருக்கா?" என்று கணவரிடம் கேட்டதற்கு, "எனக்கு ஏது கடன்?" என்றார். நம்பிவிட்டாள்.

வீடும் அமைந்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, சமையலறையில் வெயில் விழும் பெரிய ஜன்னல். வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக் கடிதம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் விற்பவர்.

செவ்வாய்க்கிழமை, வங்கியின் கடன் பிரிவில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "மேடம், சார் ஒரு கார் லோனுக்கு ஜாமீன் போட்டிருக்காரே. நாலு தவணை கட்டல. இது இருக்கிற வரைக்கும் உங்களுக்கு லோன் கிடைக்காது."

வெளியே வந்ததும் கணவர் முனகினார். "தம்பி கேட்டான். அண்ணனா இருந்துக்கிட்டு ஒரு கையெழுத்து கூடவா போடக்கூடாது? கடன் வாங்கினது அவன்தானே, நான் இல்லையே."

"அவன் கார்ல போவான், நாம வாடகை வீட்டுலயே கிடக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

அங்கிருந்தே அவரைக் கொழுந்தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். கொழுந்தனுக்கு இன்ஷூரன்ஸ் பிடிக்கும் வேலை. வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், "வாங்க அண்ணி!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதில் முன்பல் நான்கும் அவள் செய்தவை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பைக்கில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு அழுதவனுக்கு, ஒரு காசு வாங்காமல், கழற்றி மாட்டும் செட்டாகச் செய்து கொடுத்திருந்தாள்.

"காரை வித்து பாக்கியக் கட்டு" என்றாள்.

"இந்த மாசம் கொஞ்சம் டைட் அண்ணி. கார் இல்லாமப் போனா எவன் மதிப்பான்?" மறுபடியும் அதே சிரிப்பு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டினாள். "அப்ப என் பல்லைக் கழட்டு."

"விளையாடாதீங்க அண்ணி."

"யாருடா விளையாடுறது? நாலு தவணை, நாலு பல்லு. கழட்டிக் குடு!"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். அதுவரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "சாவியக் குடு. இல்ல, பல்லக் குடு" என்றார்.

சாவி வந்தது. வியாழனன்று பழைய கார் வியாபாரி அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார், அதில் கார் கடன் மட்டும் அடைந்தது. வெள்ளியன்று வங்கிப் பெண், "சாரி மேடம், கட்டினது பதிவாக மூணு மாசம் ஆகும்" என்றாள். சாயங்காலம் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

பஸ் ஸ்டாப்பில் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "அதான் அவன் கார் போயிடுச்சே. இன்னும் என்ன கோபம்?"

"அவன் கார் போச்சு. என் ஜன்னலும்ல போச்சு!"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடுற அன்னைக்குத் தர்றேன்."