பக்கியைப் பார்க்கப் போன இத்தோ

என் தம்பி மோஹாவின் மனைவி இத்தோ. எங்கள் சித்தப்பா மகள் யம்னா வயிற்றில் கடைசியாகப் பிறந்தவள். அந்த வழியில் பார்த்தால் எனக்கு மகள் முறை. தம்பியைக் கட்டிக்கொண்ட பிறகு நான் நாத்தனார் ஆகிவிட்டேன். அதனால் என்னோடு சரிக்குச் சரி வாயாடும் உரிமையும் அவளுக்கு வந்துவிட்டது.

சிறு பிள்ளையிலிருந்தே எதையும் எட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். கல்யாணத்தன்று சிவப்புத் திரையால் முகத்தை மூடி மணையில் உட்கார வைத்திருந்தோம். மணப்பெண் அசையவே கூடாது. வெளியே முரசு அடித்தவர்களில் ஒருவன் தாளம் தப்பிக்கொண்டே இருந்தான். இவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திரையை விலக்கி யார் என்று எட்டிப் பார்த்துவிட்டாள். அது அவளுடைய சொந்தத் தாய்மாமன். அந்த மனிதர் இன்றுவரை அவள் வீட்டுப் பக்கம் வந்தால் கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

மோஹாவின் பிழைப்பு பறவை காட்டுவது. வசந்தகாலத்தில் எங்கள் பாலைவனத்து ஓர ஊருக்கு வெளிநாட்டார் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். விடியும்போது வண்டியில் ஏற்றிப் பேரீச்சந்தோப்பு, குளம், மணல்மேடு, கூடாரப் பக்கம் என்று சுற்றிக் காட்டிவிட்டுப் பொழுது சாய அழைத்துவருவான். இத்தோ விடிவதற்கு முன்பே எழுந்து இறைச்சியும் வெங்காயமும் பாதாமும் உள்ளே வைத்து மெத்பூனா ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். சாயங்காலம் அந்தத் துணிமூட்டை பல நாள் பாதி தின்னாமலே திரும்பி வரும்.

அதுதான் அவளைக் குடைந்தது. முகமெல்லாம் வெயிலில் வெந்து, உதடு வெடித்து வந்து இறங்குவார்கள். ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னத்தப் பார்த்தாங்க, பசியே தெரியாம?" என்று கேட்பாள்.

"பக்கி" என்பான் மோஹா.

பக்கி என்பது பகலெல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பறவை. இருட்டும் நேரத்தில் எழுந்து பூச்சி பிடிக்கும். பகலில் அதைக் கண்டுபிடிக்கப் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிறவர்களின் கண் வேண்டும். அதனால் மோஹா கூடாரக்காரர்களிடம் சொல்லி வைத்திருப்பான்.

"கண்ணு முன்னாடி இருக்குமாம், ஆனா தெரியாதாம். அப்படி ஒண்ணு எப்படி இருக்கும்? ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போ" என்று இத்தோ கேட்பாள்.

"வண்டியில இடமில்ல."

வருஷக்கணக்காக இதே பேச்சுத்தான். போன வருஷம் ஒரு நாள் பெல்ஜியத்திலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். யோரிஸ் என்று நெடுநெடுவென ஒருவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட மார்த்தன், அவருடைய மைத்துனர், அதிகம் பேசாதவர். பக்கியைப் பார்ப்பதற்காகவே யோரிஸ் வந்திருந்தார். வண்டியில் பின்சீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது இத்தோ தட்டை வைத்துவிட்டு நின்றாள். "நாளைக்கு இடம் இருக்குல்ல?"

மோஹா ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தான். "ஒரே ஒரு தடவை. பார்த்தா பார்த்த. பார்க்கலைன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது. சரியா?"

"சரி."

"அக்கா, நீ சாட்சி" என்றான் என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். இத்தோவுக்கு அன்று தூக்கமே இல்லை என்று அவளே பிற்பாடு சொன்னாள்.

விடியற்காலையில் கிளம்பினார்கள். முதலில் குளம். நீண்ட கால்களோடு தண்ணீருக்குள் நடக்கும் பறவைகள், பஞ்சுருட்டான், தலையில் விசிறி வைத்த கொண்டலாத்தி என்று மோஹா ஒவ்வொன்றாகக் காட்டினான். இத்தோவுக்கு அதெல்லாம் வீட்டு வாய்க்காலில் தினமும் பார்ப்பதுதான். அவள் கண் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியின் மேல்தான் இருந்தது. யோரிஸ் கவனித்துவிட்டு, குனிந்து பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கண்ணை வைத்தவள் மெல்லக் குழாயைத் தோப்புப் பக்கம் திருப்பினாள். பிறகு ஒரே கூச்சல்.

"மோஹா! உங்கக்கா கழுதை அவுத்துக்கிட்டு ஸாயிது வயல்ல குதிரைமசால மேயுது! ஒரு பாத்தியே காலி!"

"ஏய், சத்தம் போடாத, பறவையெல்லாம் பறந்துடும்!"

"பறவை கெடக்கட்டும், அக்காவுக்கு போன் போடு!"

அப்படித்தான் அன்று காலையில் என் கழுதை பிடிபட்டது. மார்த்தன் என்ன பறவை என்று கேட்க, மோஹா விளக்கிச் சொல்ல, பேசாத அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

வெயில் ஏறியதும் மோஹா, தான் சொல்லி வைத்திருந்த பாஸ்ஸுவின் கூடாரத்துக்கு வண்டியை விட்டான். முந்தின நாள் சாயங்காலமே பாஸ்ஸு போனில் சொல்லியிருந்தான்: கூடாரத்துக்குப் பின்னால் சிறுசவுக்குப் புதர்கள் இருக்கின்றன, அதில் பெரிய புதரின் நிழலில் பக்கி நாலைந்து நாளாகப் படுத்திருக்கிறது, அசையவில்லை என்று.

கூடாரம் கண்ணில் பட்டதும் மோஹா வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தினான். இறங்கி, தொண்டையைச் செருமி, "வீட்டுக்காரரே!" என்று கூப்பிட்டான். உள்ளிருந்து ஒரு பெண் குரல் மட்டும் வந்தது. "அவர் இல்லீங்க! ஒட்டகம் ஒண்ணு ஓடிப்போச்சு, விடியக்காலையிலயே தேடிப் போயிட்டாரு!"

மோஹா அப்படியே நின்றுவிட்டான். ஆண் இல்லாத கூடாரத்தை நெருங்க எங்களில் எந்த ஆணுக்கும் கால் வராது. யோரிஸுக்கு விஷயம் புரியவில்லை. புதர்கள் அதோ தெரிகின்றனவே, சுற்றிப் போகலாமே என்று பிரெஞ்சில் கேட்டார்.

"முடியாது, முசியே. அது அவங்க குளிக்கிற, துவைக்கிற பக்கம். அவன் வந்தாத்தான்."

"எப்ப வருவார்?"

"ஒட்டகத்தைக் கேக்கணும்."

பாஸ்ஸுவின் போன் எடுபடவில்லை. வண்டி நிழலில் உட்கார்ந்தார்கள். யோரிஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மோஹா எழுந்து காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான். "இன்னைக்கு நமக்குக் கொடுப்பினை இல்ல. திரும்பிடலாம்."

இத்தோவுக்கு விளங்கிவிட்டது. ஒரே தடவை என்று சொன்ன அந்தத் தடவை கூடாரத்தைத் தூரத்தில் நின்று பார்த்துத் திரும்புவதோடு முடியப் போகிறது.

"ஏன் திரும்பணும்?" என்றாள். "நான் ஆம்பளையா?"

மோஹா அவளைப் பார்த்தான். இத்தனை வருஷமாக அந்த வண்டியில் எங்கள் பெண் ஒருத்தி வந்ததில்லை. அதனால் அவனுக்கு அந்த யோசனையே வரவில்லை.

"போ. ஆனா பறவை கிட்ட போயிடாத. தூர நின்னு பாரு. ஓடாத, கையை ஆட்டாத. பார்த்துட்டு எங்களுக்குச் சைகை காட்டு."

"கையை ஆட்டாம எப்படிச் சைகை காட்டறது?"

"போடி, போ!"

கூடாரத்தில் இருந்தது பாஸ்ஸுவின் மனைவி ஹத்தா. அவள் என் பெரியம்மா பேத்தி. இத்தோவுக்கும் தூரத்து உறவுதான், ஆனால் இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது ஒரு சாவு வீட்டில். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உங்கம்மா எப்படி, மாமியார் முழங்கால் எப்படி, அவள் பிள்ளைக்குப் பல் முளைத்ததா, இவள் நாத்தனார் எப்படி என்று விசாரித்து முடிவதற்குள் ஹத்தா அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டாள்.

"ஹத்தா, முதல்ல அந்தப் பறவையைக் காட்டிடேன்."

"பறவை எங்கக்கா போகப் போகுது? ஒரு வாய் தேநீர் குடிக்காம எந்திரிச்சா எங்க வீட்டுக்காரர் என்னைய என்ன சொல்லுவாரு?"

ஒரு வாய் என்பது எங்களில் மூன்று கோப்பை. சூடான புதினாத் தேநீரை இத்தோ நாக்கு சுட்டுக்கொள்ள மடக்மடக்கென்று குடித்தாள்.

"ஏன்க்கா, அதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டாள் ஹத்தா. "நான் தினமும் தண்ணி எடுக்கப் போறப்ப தாண்டிக்கிட்டுத்தான் போறேன். ஒரு கொழுப்பு இல்ல, ஒரு பாட்டு இல்ல."

"அதத்தான் பார்க்க வந்தேன். எந்திரி."

கூடாரத்துக்குப் பின்னால் போனதும் ஹத்தா பெருமையோடு இரண்டு கைகளையும் விரித்தாள். "பாருங்க. விருந்தாளிங்க வர்றாங்கன்னு காலையிலேயே எல்லாத்தையும் பெருக்கி வெச்சிட்டேன்."

இத்தோ பார்த்தாள். பெரிய சிறுசவுக்குப் புதரின் அடியில் தரை, ரமலான் பெருநாள் முற்றம் மாதிரி பளிச்சென்று கிடந்தது. ஒரு சுள்ளி இல்லை, ஓர் ஆட்டுப் புழுக்கை இல்லை, உதிர்ந்த இலை ஒன்றில்லை. பேரீச்ச மட்டையால் பெருக்கிய கோடுகள் விசிறி விசிறியாய் மணலில் தெரிந்தன. பக்கியும் இல்லை.

"அடிப்பாவி! அது எங்க?"

"அதுவா? தொடப்பத்தை வீசினேன், எந்திரிச்சுக் கொஞ்ச தூரம் போச்சு. பின்ன, தூர தேசத்துலேர்ந்து வர்றவங்களுக்குக் குப்பையில கெடக்கற பறவையையா காட்டறது? எங்க மானம் என்ன ஆகறது?"

விருந்தாளி வருகிறார் என்றால் இத்தோவும் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பாள். எங்கள் பெண்களில் எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

இருவரும் ஒவ்வொரு புதராகக் குனிந்து குனிந்து தேடினார்கள். நிழலில் ஒரு பல்லி, வெயிலில் உலர்ந்த ஒரு செருப்பு, வேறு ஒன்றும் இல்லை. தூரத்தில் வண்டிப் பக்கம் மோஹா தலைப்பாகையை அவிழ்த்து ஒரு தடவை ஆட்டினான், என்ன ஆச்சு என்று. இத்தோ அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"விடுங்கக்கா, பறவைதானே" என்றாள் ஹத்தா.

"இல்ல, இரு. அது ஏன் அங்கயே நாலு நாளா படுத்திருந்துச்சு? வேற எங்கயும் நிழல் இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? சுள்ளியும் சருகுமா கெடந்துச்சு. அதுக்கு நடுவுல கெடந்தா இது எது அது எதுன்னு தெரியாது."

இத்தோ நிமிர்ந்தாள். "பெருக்கின குப்பையை எங்க கொட்டின?"

ஹத்தா கையை நீட்டினாள். கடைசிப் புதருக்கு அப்பால், காற்று அடிக்காத பக்கமாக ஒரு சின்னக் குவியல்.

இத்தோ செருப்பைக் கழற்றிப் போட்டாள். மணல் காலைச் சுட்டது. குவியலுக்குப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நின்று பார்த்தாள். சருகு, சுள்ளி, புழுக்கை, ஒரு கந்தல் துணி. இடமிருந்து வலம் பார்த்தாள், வலமிருந்து இடம் பார்த்தாள். குவியலின் ஓரமாகச் சருகுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றுமில்லை என்று முடிவு செய்யப்போன நேரத்தில் ஒரு சருகு கண்ணைத் திறந்தது.

முழுதாய்த் திறக்கவில்லை. ஊசியால் கீறிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாய்த் தெரிய வந்தது: இங்கே தலை, இங்கே மூடிய இறக்கை, இங்கே வால். வாற்கோதுமைத் தவிட்டின் நிறம், சாம்பல் நிறம், ஈர மணலின் நிறம், அதன்மேல் மிளகு தூவிய மாதிரி பொட்டுகள். மூச்சு விடுகிறதா என்று பார்த்தாள். விட்டது. முதுகு ஒரு நூல் அளவுக்கு ஏறி இறங்கியது.

"தெரியுதாக்கா?"

"உஷ்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. ஹத்தா கூடாரத்துக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் அப்படியே நின்றாளாம். வண்டிப் பக்கம் மோஹாவின் தலைப்பாகை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் கை கழண்டுடும் போல. வரச் சொல்லுங்க. நீங்கதான் இருக்கீங்களே, தப்பில்ல. நான் உள்ள போய்ப் படுதாவை இறக்கிக்கிறேன். ஓடைப் பக்கமாச் சுத்தி வரட்டும்."

மூன்று ஆண்களும் ஓடைப் பக்கமாக வந்தார்கள். இத்தோ விரலை நீட்டாமல் மோவாயால் காட்டினாள். மோஹாவுக்கே முதலில் தெரியவில்லை. அதை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் அவனிடம் சொல்வதில்லை, சொல்வது இத்தோ மட்டும்தான். யோரிஸ் மணலில் வயிறு பதியப் படுத்துவிட்டார். அவருடைய நீளக் கால்கள் பெருக்கிய கோடுகளையெல்லாம் கலைத்துவிட்டன. மார்த்தன் பைனாகுலரை இறக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் போனதும் மோஹா மெல்லக் கேட்டான். "பார்த்துட்டியா? திருப்தியா?"

"பார்த்துட்டேன்."

"சரி, ஆசை தீந்துச்சுல்ல. இனிமே கேக்க மாட்டல்ல?"

"பார்க்கலைன்னாத்தானே கேக்கக் கூடாதுன்ன? அதோட, உக்காந்திருக்கறதைத்தான் பார்த்தேன், மோஹா. பறக்கறதை இன்னும் பார்க்கலையே."

"அது பொழுது சாஞ்சாத்தான் எந்திரிக்கும்டி. நாம கிளம்பணும்."

என்ன பேசுகிறீர்கள் என்று யோரிஸ் படுத்தபடியே கேட்டார். மோஹா சொன்னான். அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "மதாம் சொல்வது சரி" என்றார்.

மோஹா பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியிலிருந்து துணிமூட்டையை எடுத்து வரப் போனான். மாலைவரை அங்கேயே இருந்தார்கள். நடுவில் பாஸ்ஸுவும் ஒட்டகத்தோடு வந்து சேர்ந்தான். தன் புதரடி இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். படுதாவுக்குள்ளிருந்து ஹத்தா கேட்டாள், "ஏன், அழுக்கா இருந்தாத்தான் உங்களுக்குப் புடிக்குமா?"

வெயில் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. பக்கி முதலில் இரண்டு கண்களையும் முழுசாகத் திறந்தது. பெரிய கண்கள், இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்ததோ. பிறகு உடம்பை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. சத்தமே இல்லை. காகிதத்தை யாரோ காற்றில் விட்ட மாதிரி யோரிஸின் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு ஓடைப் பக்கம் தாழ்ந்து போனது.

இத்தோ எழுந்துவிட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, அது போன திசையிலேயே ஓடினாள்.

"அங்கே எல்லாம் முள்ளுடி! எங்க ஓடற?" என்று மோஹா கத்தினான்.

"எங்க போய்த் தின்னுதுன்னு பார்க்க வேணாமா?" என்று ஓடையிலிருந்து குரல் வந்தது.