வாடகைச் சேலை

திரும்பி வந்த சேலையைச் சயந்தினி முதலில் மோந்துதான் பார்ப்பாள். வியர்வையா, சென்ட்டா, சாம்பாரா என்று மூக்கே சொல்லிவிடும். "இவங்க பந்தியில நல்லா சாப்பிட்டிருக்காங்க லா," என்று சலவைக் கூடையில் போடுவாள்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. கல்யாணம், விருந்து என்றால் ஒரு நாளைக்குச் சேலை வாடகைக்கு விடுகிறாள். வயது இருபத்தேழு. தாத்தா குமாஸ்தா, அப்பா பேரின்பநாயகமும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வழிவந்த அந்தக் குடும்பத்தில் கடை வைத்த முதல் ஆள் இவள்தான். அப்பா இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த அறையில் நகப்பூச்சுக் கடை வைத்திருக்கும் சூ லிங் ஏற்கெனவே இரண்டு கடைகளை மூடியவள். மூன்றாவதற்கும் அவள் அம்மா சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். சீன, மலாய்ப் பெண்கள் சயந்தினியின் சேலையை உடுத்தி, கடைப் பெயரோடு படம் போடுகிறார்கள். நம் பெண்களோ, "அக்கா, ஃபோட்டோ போட்டுடாதீங்க, ப்ளீஸ். வாடகைன்னு தெரிஞ்சா மானம் போயிடும்," என்கிறார்கள். கடையில் ஒத்தாசைக்கு நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சயந்தினி தலையை ஆட்டிவிட்டு ஊக்குகளையும் சேர்த்துக் கட்டித் தருவாள்.

அவள் கோட்டை விட்டது கூறைச் சேலையில். முகூர்த்தத்துக்கு உடுத்தும் கூறைகளைச் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கி அடுக்கினாள். "ஒரு நாள் உடுத்துறதுக்கு எதுக்கு அவ்வளவு செலவு? லாஜிக் சரியாத்தானே இருந்துச்சு?" என்பாள். சரிதான். ஆனால் மறுநாள் திருப்பிக் கொடுக்கவேண்டிய கூறையில் எவள் தாலி ஏற்பாள்? ஒன்றுகூட அலமாரியை விட்டு இறங்கவில்லை. இப்போது அறை வாடகைக்கே இழுபறி; மாதக் கடைசிக்குள் நம் ஆட்கள் நாலு பேராவது கடையைத் தேடி வராவிட்டால், அறையைக் காலி செய்துவிட்டு அப்பா பேசி வைத்திருக்கும் பேங்க் வேலைக்குப் போகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தெம்பனிஸில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். சயந்தினியின் ஒன்றுவிட்ட தங்கை ரக்ஷனா, அவளிடமே வாடகைக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டில் வந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கேம்மா வாங்கினே? எனக்கும் சொல்லேன்."

"சென்னையில, ஆன்ட்டி."

சயந்தினி பக்கத்தில்தான் நின்றாள். கேட்ட அம்மாள் இவள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா செய்யிறே?" என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "பிள்ளை பேங்க்ல சேரப் போகுது."

ரக்ஷனாவின் இடுப்பருகே, சேலை ஓரத்தில் தைத்திருந்த கடைப் பெயர்த் துணி வெளியே எட்டிப் பார்த்தது. சயந்தினி மடிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அதைத் தன் கையாலேயே உள்ளே செருகினாள்.