சலப்பையும் பித்தப்பையும்

அக்காவின் வயிற்றில் கல் இருக்கிறது, பையோடு எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அன்று உணவகத்தில் வேலை. பிரெஞ்சு மொழிபெயர்க்க எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போனவள், பியர்ஃபித்திலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் ஒரே அழுகை.

“சலப்பையை வெட்டி எடுக்கப்போகினமாம். பிறகு நான் என்னெண்டு சலம் போறது? நான் மாட்டன்.”

சாப்பிட்டால் வலியில் சுருண்டுபோவாள். கல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னாலும் கேட்பதில்லை.

தலைவரிடமே சரியாக விசாரிக்கலாமென்று, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போனேன். ரூ பஜோல் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் சங்கக் கூட்டம். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சத்திரசிகிச்சை படிப்பித்த ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு சனிக்கிழமை விழாவாம்.

“உறுப்பு ஒவ்வொண்டுக்கும் தமிழ்ப்பேர் தேடினவர்! ஏன்? நோயாளிக்கு விளங்கவேணும் எண்டு!” தலைவர் மேசையில் தட்டினார். “அவரிட்டைப் படிச்சவை ஊர் ஊராய் மருந்துக்கடை போட்டவை. இண்டைக்கு இருக்கிற மருந்துக் கொம்பனியெல்லாம் அவர் போட்ட விதை!”

“கொம்பனியுமோ அண்ணை?” என்று ஒருவர் சிரித்தார்.

பிறகு பதாகையில் டாக்டரைத் தாடியோடு போடுவதா, தாடியில்லாமல் போடுவதா என்று சண்டை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தாடி குறுக்கே வந்தது. கூட்டத்தில் பேச எனக்கு எப்போதுமே கூச்சம். எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டு, அக்காவை இழுத்துக்கொண்டு நானே போனேன். சத்திரசிகிச்சை செய்யும் டாக்டர் ஒரு இளம்பெண். தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். பிறகு ஈரலை வரைந்து, அதன் அடியில் பச்சையாக ஒரு சின்னப் பை வரைந்தார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “அங்கையோ சலப்பை இருக்கு? இது பித்தப்பை எல்லோ! கோழி துப்பரவாக்கேக்கை உடையாமல் எடுத்தெறியிறது!”

பிரெஞ்சில் பித்தப்பைக்கு வெசிக்கூல், சிறுநீர் தங்கும் சலப்பைக்கு வெசி. தலைவர் பாதிச் சொல்லைக் கேட்டதோடு மீதியைத் தானே முடித்திருக்கிறார்.

“இது இல்லாமலும் சாப்பிடலாமோ எண்டு கேள்.”

கேட்டேன். சாப்பிடலாம் என்றார்.

“அப்ப எடுக்கட்டும்.”

வெள்ளிக்கிழமைக்கு நாள் வைத்தார்கள். வெளியே வந்து தலைவருக்குப் போன் எடுத்தேன், நன்றாகக் கேட்டுவிடத்தான். வாயில் வந்தது இவ்வளவுதான்: “அண்ணை, அது பித்தப்பையாம்.”

“ரெண்டும் பைதானே தம்பி. சனிக்கிழமை கதிரை அடுக்க வாறீரே?”

அக்கா போனைப் பறித்தாள். “சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலை, தம்பி என்னோடை நிப்பான். ரெண்டும் பைதானே எண்டால், உங்கடை சலப்பையைக் குடுங்கோவன்!”