சீவாத மட்டிக்காக எண்ணூர் வரை

போன ஜனவரியில் என் ஜெர்மன் பேராசிரியரோடு எண்ணூர் போய்வந்தேன். பச்சை மட்டி தன் நாரால் கடல் கல்லில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கல்லும் நாருமாக அப்படியே வேண்டும். நான் அவருடைய கடைசி மாணவி; மார்ச்சில் அவருக்கு ஓய்வு. மறுநாள் ஜெர்மனிக்கு விமானம். அனுமதிக் காகிதமெல்லாம் தயார், மட்டிதான் இல்லை. அன்றைக்குக் கிடைக்காவிட்டால் என் ஆராய்ச்சி அம்போ.

காலை 6.10க்கு சென்ட்ரலில் மெட்ரோ ஏறி விம்கோ நகரில் இறங்கினோம். ஆளுக்கு நாற்பது ரூபாய். முகத்துவாரத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 180.

"இன்னாம்மா, வெள்ளக்காரரு கம்பெனி வாங்க வந்துகிறாரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மட்டி வாங்கண்ணா."

"மட்டிக்கா இம்மாந்தூரம்!"

லாரிப் புழுதிக்கு நடுவே பேராசிரியர் தன் கதையைச் சொன்னார். படித்தது இயற்பியல், தொடங்கியது உலோகத்தில். பிறகு செல்கள். தோலில் காயம் பட்டால் சுற்றியுள்ள செல்கள் நகர்ந்துவந்து மூடுகின்றனவே, அந்த வேகத்தையும் விசையையும் பத்து வருடம் அளந்திருக்கிறார். அங்கிருந்துதான் ஒட்டும் பொருள்களுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் 'இவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை' என்றார்களாம்.

மூழ்கி மட்டி எடுக்கும் தேசப்பன் அண்ணனிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். அவர் மனைவி லட்சுமி அக்கா பெருமையாக வாளியைக் காட்டினார். மட்டியெல்லாம் பளபளவென்று இருந்தது. நார் ஒன்றுகூட இல்லை.

"ஃபாரின்காரரு துன்றதுக்குன்னு நெனச்சேன்மா. கலீஜா கீதேன்னு நான்தான் சீவிட்டேன்."

நாரைச் சீவித் தருவதுதான் இங்கே வாங்க வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. 'நல்ல மட்டியா வேணும்' என்று மட்டும் சொல்லி வைத்தது என் தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேராசிரியரோ மட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அக்காவின் கத்தி வேலையைப் பாராட்டினார்.

"இதுக்கா பேஜாராவுற? இரும்மா" என்று தேசப்பன் அண்ணன் மறுபடி கடலில் இறங்கினார். நாற்பது நிமிடம் கழித்து மட்டி ஒட்டிய கல்லோடு வந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம். பேராசிரியர் கல்லைப் பார்க்கவே இல்லை. பாட்டில் தண்ணீரால் கையைக் கழுவி, தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டார்.

"காயம் எப்படி மூடுதுன்னு பத்து வருஷம் ஆராய்ச்சி பண்ணவருண்ணா" என்றேன்.

"அப்ப இவரு கட்டனா சீக்கிரம் மூடுமா?"

கேட்டுச் சொன்னேன். "அதே நாள்தான் ஆகும்" என்றார் பேராசிரியர். லட்சுமி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயிலும் லாரியும் தாங்காது. சமைக்க என்றால் சீவியே வாங்குங்கள். என்னைப் போல ஆராய்ச்சிக்கு என்றால், வாயைத் திறந்ததும் "சீவ வேணாம்க்கா" என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச்சில் பேராசிரியரின் விடைபெறும் உரை. உலோகம், செல், கருவிகள் என்று வரிசையாகப் படங்கள். கடைசிப் படத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு கை. "என் கடைசி ஆராய்ச்சியின் சக ஆய்வாளர்" என்று சொல்லி, தேசப்பன் என்ற பெயரைத் திக்கித் திக்கிச் சரியாக உச்சரித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

அன்றே அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கை ஆறிடுச்சின்னு அவராண்ட சொல்லும்மா" என்றார்.